வாக்கும் வடிகானும்: கல்முனைக் கரையில் ஏழ்மையும் உள்ளூர்த் தேர்தலும்

கல்முனைப் பிரதான வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் நடந்து பாருங்கள். முதல் நூறு மீற்றருக்குக் கொங்கிறீற்று. இரு பக்கமும் மதில், மாடி வீடு, தெருவிளக்கு. பாதித் தூரம் போனதும் வடிகானின் மூடிகள் காணாமற் போகின்றன. இன்னுஞ் சற்றுப் போனால் வடிகானே மணலில் முடிந்து, மாரி மழையில் அதன் நீர் யாருடைய வளவுக்குள் இறங்குவது என்று அயலவர் சண்டையிடும் இடம் வந்துவிடும். கால் மணி நேரம்கூட எடுக்காத நடை இது. ஒழுங்கையின் இரு முனையிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தின் வாக்காளர்கள். ஒரே சின்னத்துக்குப் புள்ளடி இட்டவர்களாயும் இருக்கலாம்.

வேளாண்மைக் காணியை விட்டு வந்து, இந்த ஒழுங்கைகளின் கீழ்முனையிலோ மேற்கே கரைவாகு வட்டையின் ஓரத்தில் நிரப்பிய பள்ளக் காணியிலோ குடியிருக்கும் குடும்பங்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஒவ்வொரு முறையும் வாக்குப் போடுகிறோம். வென்றவர் எங்கள் ஆள்தான். அப்படியிருந்தும் எங்கள் ஒழுங்கை ஏன் இப்படிக் கிடக்கிறது?" இதற்கு இரண்டு விடைகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. ஏழைகள் ஒன்றுபட்டு வாக்களிக்காததுதான் காரணம் என்பது ஒன்று. இங்கே இனத்தையும் ஊரையும் தவிர வேறெதற்கும் வாக்கில்லை என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்திற்கு இரண்டுமே போதா. ஓர் இடத்தின் ஏழ்மைக்கும் அந்த இடத்தின் தேர்தல் முடிவுக்கும் என்ன உறவு என்பதைச் சற்று ஆறுதலாக நோக்குவோம்.

ஏழ்மைக்குப் படம் உண்டா?

முதலில், எந்த அயல் ஏழை என்பதை எதைக் கொண்டு சொல்வது? இங்கிலாந்தில் இதற்கென்றே ஓர் அளவு இருக்கிறது. நாடு முழுவதையும் சராசரி 1500 பேர் வாழும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, வருமானம், வேலை, கல்வி, சுகாதாரம், வீடு, குற்றம், சுற்றாடல் ஆகியவற்றைக் கணக்கிட்டு, எது மிகவும் பின்தங்கியது, எது அதற்கடுத்தது என்று வரிசைப்படுத்துகிறார்கள். அந்த வரிசையைத் தேர்தல் முடிவின் பக்கத்தில் வைத்தால் எந்த வட்டாரத்தில் ஏழ்மை மிகுதி, அங்கே எத்தனை பேர் வாக்களித்தார்கள், யார் வென்றார் என்பது தெரிந்துவிடும்.

நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் வீட்டு வருமான செலவின அளவீடு மாதிரிக் குடும்பங்களைக் கொண்டு செய்யப்படுவது. மாவட்டத்துக்குக் கீழே அதனை நம்பி இறங்க முடியாது. 2019ஆம் ஆண்டின் அளவீட்டைக் கொண்டு கணிக்கப்பட்ட பல்பரிமாண வறுமைச் சுட்டெண் நாட்டு மக்களில் 16 சதவீதமானோர் வறியோர் என்றது. நல்லது. ஆனால் அம்பாறை மாவட்டம் என்ற ஒரே பெயரின் கீழ் உகணையின் குடியேற்றமும் வருகிறது, பாணமையின் காடும் வருகிறது, கல்முனைக்குடியின் கடற்கரையும் வருகிறது. இவற்றின் சராசரி யாருடைய வீட்டையும் காட்டாது.

ஒழுங்கை மட்டத்திற்குக் கிட்டத்தட்ட வருவது உதவிப் பட்டியல்கள்தாம். 1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. இவை கிராம சேவகர் பிரிவு வாரியாக இருப்பதால், எந்தப் பிரிவில் எத்தனை குடும்பங்கள் என்று எண்ணலாம். ஆயினும் பட்டியலில் இருப்பவர் எல்லாரும் ஏழைகள் அல்லர்; ஏழைகள் எல்லாரும் பட்டியலில் இருப்பதுமில்லை. இடம்பெயர்ந்த விவசாயிக்கு இதில் தனியான ஓர் ஆபத்து உண்டு. அஸ்வெசும கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு வகையில் 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பத்தை நிறுத்துப் பார்க்கிறது. "காணி இருக்கிறதா?" என்ற கேள்விக்கு மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது என்று நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டு, அந்த வயலில் கால் வைத்து எத்தனை வருடம் என்பதைச் சொல்லாமல் விட்டவர், தாளிலே ஒரு சிறு போடியார் ஆகிவிடுவார்! ஆகவே பட்டியலைக் கொண்டு வரையும் வறுமைப் படத்தில் மிகவும் மங்கலாக விழுவது நம் வாசகர்களின் வீடுதான்.

தேர்தல் முடிவு காட்டும் படம்

இனி மறுபக்கத்துக்கு வருவோம். கல்முனையில் தேர்தல் முடிவுகளை விளங்க 1987இலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் இந்தக் கரையில் கல்முனைப் பட்டின சபையும், கரைவாகு வடக்கு, கரைவாகு மேற்கு, கரைவாகு தெற்கு என்ற கிராம சபைகளும் இருந்தன. மருதமுனைப் பக்கம் ஒன்று, நற்பிட்டிமுனைப் பக்கம் ஒன்று, சாய்ந்தமருதுக்கு ஒன்று என்று ஊருக்கு அருகே ஒரு கதிரை இருந்தது. பிரதேச சபை முறை வந்தபோது நான்கும் ஒன்றாக்கப்பட்டன. பின்னர் அது நகர சபையாகி, மாநகர சபையுமாயிற்று. ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர், கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருக்கியடித்து வாழும் ஒடுங்கிய நிலத்துண்டு. முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறிக் கோத்த மாலை. ஒரே சபை, ஒரே வருமானப் பெட்டி.

2011 ஒக்டோபர் தேர்தலில் சபைக்கு 19 உறுப்பினர்கள். அது பழைய விகிதாசார முறை: கட்சிக்கு ஒரு வாக்கு, அக்கட்சியின் வேட்பாளர்களுள் மூவருக்கு விருப்பு வாக்கு. வட்டாரம் கிடையாது, மாநகரம் முழுவதும் ஒரே தொகுதி. ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் 11 ஆசனங்களையும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 4 ஆசனங்களையும் பெற்றன. இங்கே கவனிக்க வேண்டியது விருப்பு வாக்கை. சாய்ந்தமருது மக்கள் தம் விருப்பு வாக்குகளைத் தம்மூரவர் ஒருவருக்குத் திரட்டிக் கொடுத்ததால், சிராஸ் மீராசாஹிப் முதலிடம் பெற்று முதல்வரானார். இரண்டு ஆண்டுகளில், 2013இல், கட்சி அவரிடமிருந்து பதவியைப் பெற்று நிசாம் காரியப்பரிடம் கொடுத்தது. கட்சிக்குள் அது ஓர் இணக்கப்பாடு என்று சொல்லப்பட்டது. சாய்ந்தமருதில் அது ஊருக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்ளப்பட்டது. தனியான உள்ளூராட்சி மன்றம் வேண்டுமென்று அங்கே முன்னரே இருந்த கோரிக்கை அதன்பின் வலுத்தது.

2018 பெப்ரவரி 10ஆந் திகதித் தேர்தல் புதிய கலப்பு முறையில் நடந்தது. உறுப்பினர் தொகை இரண்டு மடங்குக்கு மேலாகியது. சாய்ந்தமருது - மாளிகைக்காடு ஜும்ஆப் பெரிய பள்ளிவாசலின் ஆதரவோடு ஒரு சுயேச்சைக் குழு தோடம்பழச் சின்னத்தில் போட்டியிட்டது. நமது கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பார் என்பது வாசகர் அறிந்ததே. குடிவழியாக ஊர் திரண்டால் அதன் முன் கட்சி நிற்பது கடினம். சாய்ந்தமருதின் வட்டாரங்கள் அனைத்தும் சுயேச்சைக் குழுவிடம் போயின. சபையில் அதற்கு 9 ஆசனங்கள். யானைச் சின்னத்தில் கேட்ட முஸ்லிம் காங்கிரசுக்கு 12. எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. பேரம் பேசி முஸ்லிம் காங்கிரஸ் தரப்பே முதல்வர் பதவியைப் பெற்றது. ஊரே திரண்டு அனுப்பிய ஒன்பது பேருக்கு ஆட்சி கிடைக்கவில்லை.

பின்னர் நடந்தது இன்னும் பாடமானது. 2020 பெப்ரவரி 14ஆந் திகதி சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. வெடி கொளுத்திய புகை அடங்குமுன், சில நாட்களிலேயே, அமைச்சரவை அதை இடைநிறுத்தியது. ஏன் இத்தனை இழுபறி? சாய்ந்தமருது மட்டும் பிரிந்து போனால், எஞ்சும் கல்முனையில் தமிழர், முஸ்லிம் வாக்கு விகிதம் மாறிவிடும் என்ற அச்சம் கல்முனை முஸ்லிம்களுக்கு. பிரிப்பதானால் 1987க்கு முன்னிருந்தது போல நான்காகப் பிரியுங்கள் என்பது அவர்கள் கட்சி. தமிழர்களோ கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ளதாகத் தரமுயர்த்தும்படி பல்லாண்டாய்க் கேட்டு வருகிறார்கள். 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதமும் இருந்தனர். எல்லைக் கோடு எங்கே போகிறது என்பதில்தான் ஒவ்வொரு ஊரின் உயிரும் இருப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள்.

இப்பொழுது இந்த முடிவுகளை ஒழுங்கையின் இரு முனைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாய்ந்தமருதில் கடைத்தெரு முதலாளியும், பொலிவேரியன் கிராமத்துச் சுனாமி வீட்டில் இருப்பவரும், கரைவலைத் தொழிலாளியும் சேர்ந்தே தோடம்பழத்தை வெல்ல வைத்தார்கள். பாண்டிருப்பிலும் சேனைக்குடியிருப்பிலும் ஆசிரியரும் கூலியாளும் பெரும்பாலும் ஒரே வீட்டுச் சின்னத்துக்கே வாக்களித்தார்கள். தேர்தல் வரைந்த படம் ஊர்களின் படம். ஏழ்மையின் படமன்று.

ஊருக்கு வாக்களிப்பது அறியாமையா?

இதைக் கேட்டவுடன் "மக்கள் இனவாதத்தில் மயங்குகிறார்கள்" என்று சில நண்பர்கள் தீர்ப்பளித்து விடுகின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மாநகர சபையின் கையில் என்ன இருக்கிறது? வீதி, வடிகான், விளக்கு, சந்தை, குப்பை, நூலகம், மயானம். பணம் எங்கிருந்து வருகிறது? சோலைவரி, சந்தை வாடகை, முத்திரை வரியில் ஒரு பங்கு, அரசு கொடுக்கும் சம்பளக் கொடை. இந்தச் சிறிய பெட்டியிலிருந்து ஒரு பங்கு தன் ஊருக்குள் வந்து சேர்ந்தால்தான் தன் ஒழுங்கைக்கு வர வாய்ப்புண்டு என்று கடற்கரையில் இருப்பவர் நினைப்பது சரியான கணக்கே. 1990ஐ மறந்தவர் யார்? வீரமுனையை விட்டு ஓடிய தமிழ்க் குடும்பங்களும், எல்லைப்புற வயலுக்குப் போகப் பயந்து விதைப்பைக் கைவிட்ட முஸ்லிம் விவசாயிகளும், தம் சனத்தின் நடுவே இருந்தால்தான் பாதுகாப்பு என்ற பாடத்தை உயிர் கொடுத்துப் படித்தவர்கள். வாக்குச் சீட்டில் அந்தப் பாடம் இருப்பதில் வியப்பென்ன?

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஊருக்கு வந்த பங்கை ஊருக்குள் பகிரும் நேரத்தில் கீழ்முனையின் குரல் எடுபடுவதில்லை. "முதலில் சபையை எடுப்போம், பிறகு வடிகானைப் பார்ப்போம்" என்பார்கள். சபை வராத வரை வடிகானும் வராது. வேட்பாளருக்கும் அவசரமில்லை, அந்த ஒழுங்கையின் வாக்கு எப்படியும் தனக்குத்தான் என்று தெரிந்த பின், அங்கே அவர் ஏன் செலவழிப்பார்? இழுபறியான ஒழுங்கைக்கே கிரவல் லொறி முதலில் போகும்.

ஏழைகள் வாக்களிக்கும் முறை எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் உள்ளூர்த் தேர்தலுக்குப் பொதுவாக மூன்றிலொரு பங்கினரே வருகிறார்கள். பின்தங்கிய வட்டாரங்களில் இன்னும் குறைவு. ஆகவே அங்கே ஏழைகளின் பிரச்சினை வராமை. இந்தியாவில் இதற்கு மறுதலை: 1990களிலிருந்து நடந்த ஆய்வுகள், வறியவர்களும் தலித் மக்களும் வசதியானவர்களுக்குக் குறையாமல், சில இடங்களில் அவர்களைவிடக் கூடுதலாகவே வாக்களிப்பதைக் காட்டின. இலங்கை இவ்விடயத்தில் இந்தியப் பக்கம் சாய்ந்தது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் நாடு முழுவதும் பத்தில் எட்டுப் பேரளவில் வாக்களித்தனர். 2025இல் அது ஆறு பேரளவுக்கு இறங்கியது. ஆகவே நமது கடற்கரையின் சிக்கல் வாக்களியாமை அல்ல. அளித்த வாக்கு எந்த வட்டாரத்தில், எவரோடு சேர்த்து எண்ணப்படுகிறது என்பதே சிக்கல்.

ஒரு சிறு கணக்கு

கணக்கின் வசதிக்காக ஒரு வட்டாரத்தைக் கற்பனை செய்வோம். 3000 வாக்காளர். அவர்களுள் 700 பேர் கடற்கரைப் பக்கம். மூவர் போட்டியிட, 2400 வாக்குகள் விழுகின்றன. 1000 வாக்கு எடுத்தவர் வெல்லுகிறார், அடுத்தவருக்கு 850. வித்தியாசம் 150. அப்படியானால் 700 பேர் கொண்ட கடற்கரை அந்த வட்டாரத்தின் தலையெழுத்தையே மாற்றக் கூடியது. ஆனால் அந்த 700 பேரில் 400 பேருடைய பெயர் இன்னும் முந்திய இடத்து இடாப்பில் இருக்கிறது என்று வையுங்கள். எஞ்சுவது 300. அவர்களும் இரண்டு மூன்றாகப் பிரிந்தால் எந்த வேட்பாளரும் அவர்களைத் தேடி வரத் தேவையில்லை. வீடுகள் அதே எண்ணிக்கை. வறுமை அதே அளவு. வாக்கின் கனம் மட்டும் கரைந்துவிட்டது.

வட்டாரத்தில் தோற்றாலும் புதிய முறையில் வாக்கு முற்றாக வீணாவதில்லை. 2017இல் திருத்தப்பட்ட சட்டப்படி சபையின் 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரத்திலிருந்தும் 40 சதவீதத்தினர் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். ஒரு கட்சியோ குழுவோ எல்லா வட்டாரங்களிலும் பெற்ற வாக்கைக் கூட்டி, அதற்கு எத்தனை ஆசனம் உரியதென்று பார்த்து, வட்டாரத்தில் வென்றதைக் கழித்து, மிச்சத்தைப் பட்டியலால் நிரப்புவார்கள். 40 ஆசனச் சபையில் 50,000 வாக்கு விழுந்தால் ஓர் ஆசனத்தின் விலை 1250 வாக்கு. பல வட்டாரங்களில் சிதறிக் கிடக்கும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது ஒரு வாசல்தான். வாசலில் படியும் உயரம்: சுயேச்சைக் குழு சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் பெயர் கொடுக்க வேண்டும், கட்டுப்பணமும் கட்சிகளைவிட அதிகம். ஆயினும் உறுப்பினர்களில் நாலிலொரு பங்கு பெண்களாயிருக்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்றக் கட்சிகள் பட்டியலில் பெண்களைத் தேடியே ஆகவேண்டும். அவர்களுள் ஒருவர் வடிகானுக்குப் பக்கத்தில் வாழ்பவராக இருக்கட்டும் என்று கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பெயர் எங்கே இருக்கிறது?

யோசேப்பு குடிமதிப்புக்குப் பெயர் எழுதத் தன் முன்னோர் ஊரான பெத்லகேமுக்கு நடந்தார். கர்ப்பிணி மனைவியோடு அவ்வளவு தூரம் போனவருக்கு அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பெயர் ஓரிடத்தில், உடல் ஓரிடத்தில் என்ற நிலை புதிதல்ல!

இந்தக் கரையில் அது இரண்டு முறை பெருமளவில் நடந்தது. ஒன்று 1990ஐ ஒட்டிய வருடங்கள். மற்றது 2004 டிசெம்பர் 26. இலங்கையில் ஆழிப்பேரலை ஆகக் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கு மேற்பட்டோர். வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் அரசு அறிவித்து, பின்னர் தளர்த்தியது. மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவே காணியில்லை. ஆகவே மருதமுனையின் 65 மீற்றர் வீட்டுத்திட்டம், கல்முனையின் கிறீன்பீல்ட், சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம் என்று வெவ்வேறு இடங்களில் சனம் கொண்டுபோய் வைக்கப்பட்டது. வட்டார எல்லைகள் 2017இல் வர்த்தமானியில் வந்தபோது இந்த இடப்பெயர்வுகளெல்லாம் நடந்து முடிந்திருந்தன. ஆனால் ஒரு குடும்பம் வீடு மாறிய அன்றே இடாப்பிலும் மாறிவிடுவதில்லை.

இங்கே பதிவதா, அங்கே பதிவதா என்பது வெறும் படிவப் பிரச்சினை அல்ல. முந்திய ஊரில் பெயர் இருந்தால், திரும்பிப் போகும் உரிமையும் காணியின் பிடியும் கைவிட்டுப் போகாது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் விளங்கத்தக்கது, சட்டப்படி சரியன்று. வாக்காளர் இடாப்பு காணி உறுதியல்ல. அங்கே பெயர் இருப்பதால் காணி கிடைத்துவிடுவதில்லை. இங்கே பதிந்ததால் உறுதியோ அனுமதிப்பத்திரமோ செல்லாமற் போவதுமில்லை. மறுபுறம், இங்கே பதிந்தால் உடனே கிடைக்கும் சில நன்மைகள் உண்டு. பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கும்போது வதிவிடத்தைக் காட்ட இடாப்பு கேட்கப்படும். கிராம சேவகர் அத்தாட்சி எளிதாகும். வட்டாரக் கணக்கில் உங்கள் ஒழுங்கை எண்ணப்படும்.

ஆனால் முழு ஊரும் பெயர்ந்து வந்த இடங்களில் கதை வேறு. எல்லாரும் இங்கே பதிந்துவிட்டால் அங்கே வாக்காளர் தொகை விழும். அடுத்த எல்லை நிர்ணயத்தில் அந்த ஊர் இன்னொன்றோடு சேர்க்கப்படலாம். திரும்பிப் போகிறவர்களுக்கு அங்கே பேச ஆளிருக்காது. திரும்பிப் போகும் நாள் கண்ணுக்குத் தெரிந்தால் அங்கேயே வையுங்கள். பத்து வருடமாக அந்த வயலில் யாரும் விதைக்கவில்லையென்றால், பிள்ளைகள் இங்கே படிக்கிறார்களென்றால், இங்கே மாற்றுங்கள் என்பதே நமது அபிப்பிராயம். ஒரு வீட்டில் இதைத் தீர்மானிப்பதைவிட, ஓர் ஊரார் கூடி இருந்து தீர்மானிப்பது நல்லது.

குப்பை போகும் திசை

ஏழ்மையும் வாக்கும் பிரிந்து நிற்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் ஒன்று தெற்கே இருக்கிறது. அட்டாளைச்சேனைப் பக்கம் அஷ்ரப் நகரை அடுத்த பள்ளக்காட்டில் ஒரு குப்பை மேடு. கல்முனை உட்படக் கரையோரச் சபைகள் பலவற்றின் கழிவு அங்கே கொட்டப்பட்டு வந்தது. காட்டிலிருந்து யானைகள் வந்து பொலித்தீனோடு சேர்த்துத் தின்று இறந்த செய்தி 2022இல் உலகப் பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. எட்டு வருடங்களில் இருபது யானைகள் அளவில் இறந்ததாக அப்போது சொல்லப்பட்டது. குப்பைக்கு வந்து பழகிய யானை குப்பையோடு நிற்பதில்லை. வேளாண்மைக்கும் வரும், வீட்டுக்கும் வரும்.

அங்கே வாழ்பவர்கள் யார்? அஷ்ரப் நகர் ஏழை விவசாயிகளின் குடியிருப்பு. 2011இல் தங்கள் காணி இராணுவத்தினரால் எடுக்கப்பட்டதென்று முறையிட்டவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாக்கு அட்டாளைச்சேனைப் பிரதேச சபைக்கு. குப்பையை ஏற்றி அனுப்பும் கல்முனை மாநகர சபையில் அவர்களுக்கு ஒரு வாக்கும் இல்லை. கல்முனை உறுப்பினர் ஒருவர் அந்த மேட்டைப் பற்றி அக்கறைப்படாவிட்டால் அதனால் அவருக்கு ஒரு வாக்கும் குறையாது. குப்பை லொறி சபை எல்லையைத் தாண்டுகிறது, வாக்கு தாண்டுவதில்லை. கடற்கரை ஒழுங்கையில் குப்பை அள்ளவில்லை என்று நாம் குரல் எழுப்பும்போது, அள்ளிய குப்பை எந்த ஏழையின் வேலியோரம் போகிறது என்றும் கேட்க வேண்டியவர்களாயிருக்கிறோம். இதில் நாமும் பங்காளிகள்.

உறுப்பினர் இல்லாத காலம்

2018இல் தெரிவான சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆந் திகதி நாட்டின் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, எல்லை பற்றிய வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. கோடு எங்கே போடுவது என்ற சண்டை, கோட்டின் உள்ளே இருந்த எல்லாரையும் உறுப்பினர் இல்லாதவர்களாக்கியது. காரைதீவிலும் நிந்தவூரிலும் அட்டாளைச்சேனையிலும் வாக்களித்தார்கள். கல்முனையில் பெட்டி வரவில்லை. இப்படியான காலத்தில் சபையை அதிகாரிகளே நடத்துவர். வசதியுள்ளவர் நேரே கந்தோருக்குப் போய்ப் பேசிவிடுவார். கூலிக்குப் போகிறவர் ஒரு நாட் சம்பளத்தை விட்டுத்தான் போக வேண்டும்.

இந்நேரத்தில் செய்யக் கூடியது ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். ஒரு பெரிய தாளில் உங்கள் கிராம சேவகர் பிரிவின் ஒழுங்கைகளை வரையுங்கள். பள்ளிவாசலிலோ கோயிலிலோ மாதர் சங்கத்திலோ நாலு பேர் சேர்ந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி. புள்ளியின் பக்கத்தில் ஐந்து விடயம்: குழாய்நீர் உண்டா, மலசலகூடம் உண்டா, மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருமா, உதவிப் பட்டியலில் பெயர் உண்டா, வாக்காளர் இடாப்பில் பெயர் எந்த ஊரில். பிறகு 2018ஆம் ஆண்டு உங்கள் வட்டாரத்தின் முடிவை, வென்றவரின் வாக்கையும் அடுத்தவரின் வாக்கையும், தாளின் மேலே எழுதுங்கள். இடாப்பில் இல்லாத வீடுகளின் வாக்குகளை எண்ணி, அந்த வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். எந்த வேட்பாளரோடும் எந்த அதிகாரியோடும் பேசுவதற்கு இதைவிட நல்ல தாள் கிடையாது. தாளில் ஆட்களின் பெயரை எழுத வேண்டாம். வீட்டு எண் போதும். யாருக்கு வாக்களித்தீர்கள் என்றும் கேட்க வேண்டாம்.

இடாப்புத் திருத்தம் வருடந்தோறும் நடக்கிறது. முன்னர் ஜூன் 1ஆந் திகதி எங்கே வசித்தீர்கள் என்பதே கணக்கு. 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் அது பெப்ரவரி 1. கிராம சேவகர் வீட்டுக்கு வரும்போது ஆளில்லாவிட்டால், வயலுக்கோ கூலிக்கோ போயிருந்தால், அடுத்த நாளே அவருடைய காரியாலயத்துக்குப் போய்க் கேளுங்கள். திருத்திய பெயர்ப்பட்டியல் பின்னர் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். விடுபட்டவர் அப்போது கோரிக்கை கொடுக்கலாம். பட்டியலைப் பார்க்கப் போகும்போது அயலிலுள்ள விதவைத் தாய்மாரின் பெயரையும், வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பி வந்த பெண்களின் பெயரையும் சேர்த்துப் பார்த்து வாருங்கள். விடுபடுவதில் அவர்கள் அதிகம்.